ஏழுல இருந்து ரெண்டுக்கு

உக்காருங்க தம்பி. மேல் போர்ஷனை அப்புறமாப் பாத்துக்கலாம், அது எங்கயும் போயிடாது. என் வீட்டம்மா ரெஜினா காப்பி போட்டுக்கிட்டு இருக்கா. வாசல்ல நின்னு மொத கேள்வியே கேட்டீங்க பாருங்க, இங்க சத்தம் ஏதும் இருக்காதேன்னு, அது நல்ல கேள்வி. வீடு பாக்க வர்றவங்க எல்லாரும் தண்ணி வருமா, வண்டி நிறுத்த எடம் இருக்கான்னுதான் கேப்பாங்க. ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா? தெருமுனைக் கடைல? இல்லையா. சரி.

சத்தம் இல்ல. இருந்துச்சு, இப்ப இல்ல. அதை நான் மறைக்கலை. கைக்குழந்தை இருக்குன்னு சொல்றீங்க, உங்க வீட்டம்மா டீச்சர்ன்னு சொல்றீங்க, அப்ப விஷயத்தை முழுசாச் சொல்லிடறதுதான் முறை. உங்களுக்கு முன்னாடி மேல இருந்தவர் பேங்க்ல மேனேஜர். தங்கமான மனுசன். அவரு சத்தத்துக்காகக் காலி பண்ணலை, அவருக்கு ட்ரான்ஸ்ஃபர். இப்ப அடுத்த தெருவுல இருக்காரு.

என் பேரு ஸ்தனிஸ்லாஸ். பொன்மலைல ஸ்தனின்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும். ரயில்வேல ஸ்டோர்ஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனேன். ஆனா அது வயித்துக்கு. நான் கிட்டார்காரன். பத்தொன்பது வயசுல இருந்து வாசிக்கிறேன். திருச்சி, மணப்பாறை, திண்டுக்கல் வரைக்கும் கிறிஸ்தவக் கல்யாண ரிசப்ஷன் எதுலயாவது தொண்ணூறுகள்ல நீங்க கேக் சாப்பிட்டிருந்தீங்கன்னா என் கிட்டாரைக் கேட்டிருப்பீங்க. நீங்க அப்ப பொறந்திருக்க மாட்டீங்க, சரி.

கிட்டார்னா அது மட்டும் போதாது தம்பி. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபையர்தான் தொண்டை. அதுலயும் வால்வ் ஆம்ப்னு ஒண்ணு இருக்கு. பழைய ரேடியோவைப் பின்பக்கம் கழட்டினா உள்ள சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய் செவப்பா எரியும்ல, அதே வால்வு. அதை வெச்சுச் செஞ்ச ஆம்ப். சூடாகப் பத்து நிமிசம் ஆகும். ரெண்டு ஆள் சேந்து தூக்கணும். ஆனா அந்தச் சத்தம் இருக்கே, நெய்யில வறுத்த மாதிரி இருக்கும். ஒரே தொல்லை, அதைச் சத்தமா வெச்சாத்தான் அந்த ருசி வரும். மெதுவா வெச்சா சப்புன்னு இருக்கும்.

இப்ப ஒரு பெட்டி வந்திருக்கு. நம்ம ரொட்டி டப்பா அளவுதான். என்ன செய்யும்னா, ஒரு வால்வ் ஆம்ப்பை அது முன்னாடி வெச்சு, ஸ்பீக்கருக்கு எதுக்க ஒரு மைக்கை நிறுத்திட்டா, பெட்டி உள்ள இருந்து கொர்ருன்னும் கீய்யின்னும் என்னென்னவோ சத்தத்தை ஆம்புக்கு அனுப்பும். ஆம்ப் அதை எப்படித் திருப்பிப் பாடுதுன்னு மைக் வழியா கேட்டுக்கும். தையக்காரர் உடம்புக்கு அளவு எடுக்கிற மாதிரின்னு வெச்சுக்கங்க. அஞ்சு நிமிசம், பத்து நிமிசம். முடிஞ்சா அந்த ஆம்ப்போட குணம் மொத்தமும் பெட்டிக்குள்ள வந்துடும். அதுக்குப் பேரு ப்ரொஃபைல். அப்புறம் ஆம்ப்பை அவங்க வீட்ல கொண்டு போய் விட்டுடலாம். பெட்டில கிட்டாரைச் செருகி, ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு வாசிச்சா அந்த ஆம்ப்பே தான். பக்கத்துல படுத்திருக்கிறவங்களுக்குக்கூடக் கேக்காது.

அதான் சொல்றேன், இந்த வேலையே சத்தத்தை ஒழிக்கிற வேலை. ஒரு ஆம்ப்புக்கு ஒரு நாள் சத்தம், அப்புறம் ஆயுசுக்கும் அமைதி. நான் பண்ணது நாப்பத்தி ரெண்டு ஆம்ப். நாப்பத்தி ரெண்டு நாள்தான் கணக்கு. சில ஆம்ப்புக்குக் கூடக்கொறைய ஆயிருக்கலாம். ரெண்டு வருசத்துல அது ஒரு பெரிய விஷயமா? எங்க மாதா கோயில்ல இருந்து, பழைய வாத்தியக் கடைல இருந்து, மதுரைல ஒரு டாக்டர்கிட்ட இருந்துகூட வாங்கிட்டு வந்து பண்ணேன். பண்ணதை எல்லாம் இன்டர்நெட்ல போடுவேன், சும்மா, யார் வேணா எடுத்துக்கலாம்னு. உலகம் பூரா ஆளுங்க எடுத்தாங்க. சிலி நாட்ல இருந்து ஒருத்தர் எழுதினார், உங்க ப்ரொஃபைல் எல்லாம் காதுல ஊசி எறக்கற மாதிரி இருக்கு, ஏன் இப்படின்னு. இன்னொருத்தர் தகரத்துல ஆணியை இழுக்கற மாதிரின்னு எழுதினார். நான் பதில் எழுதலை. நல்லாப் பண்றவனைப் பாத்தா நாலு பேருக்கு எரியத்தான் செய்யும். அது சிலியா இருந்தா என்ன, நம்ம திருச்சி சிந்தாமணியா இருந்தா என்ன.

இப்ப கஸ்பார் விஷயத்துக்கு வர்றேன். அவன் இல்லாம இந்தக் கதை இல்ல.

எங்க குரூப்ல நாலு பேரு. ட்ரம்ஸ், பேஸ், ரெண்டு கிட்டார். ஒண்ணு நான், இன்னொண்ணு கஸ்பார். எட்டாங் கிளாஸ்ல இருந்து ஒண்ணாப் படிச்சவன், ஒரே கோயில், என் கல்யாணத்துக்கு அவன்தான் தோழன். அவன்கிட்டதான் நெசமான வால்வ் ஆம்ப் இருந்துச்சு. கல்லுக்குழில ஒரு குடும்பம் எண்பத்தாறுல ஆஸ்திரேலியாவுக்குப் போனப்ப விட்டுட்டுப் போனதை வாங்கினது. எங்கிட்ட இருந்தது சாதா ஆம்ப்தான். அதுக்காக நான் ஒரு நாளும் பொறாமைப்பட்டது இல்ல.

ரெண்டாயிரத்து எட்டு. மணப்பாறைல ஒரு ரிசப்ஷன். பாட்டுக்கு நடுவுல நான் தனியா வாசிக்கிற எடம் வருது. கண்ணை மூடிக்கிட்டு வாசிக்கிறேன். வால்யூம் ஏழுல இருக்கு. திடீர்னு என் கிட்டார் சத்தம் காணாமப் போச்சு. கண்ணைத் தெறந்து பாத்தா, கஸ்பார் என் ஆம்ப் பக்கத்துல குனிஞ்சு நிக்கிறான். ஏழுல இருந்து ரெண்டுக்குத் திருப்பி வெச்சிருக்கான். முன்னூறு பேரு முன்னாடி. ஒரு கிட்டார்காரன் இன்னொரு கிட்டார்காரனோட வால்யூமைத் தொடலாமா? அடுத்தவன் சட்டைப் பையில கை விடறது மாதிரி அது. அந்த நேரம் பாத்து மண்டபத்துல எல்லாரும் கை தட்டினாங்க. கேக் வெட்டியிருப்பாங்க போல.

நான் கிட்டாரைக் கழட்டி வெச்சுட்டு பஸ் ஏறி வந்துட்டேன். அதோட குரூப் முடிஞ்சுது. அதோட பேச்சும் முடிஞ்சுது. பதினஞ்சு வருசம் தம்பி. ஒரே ஊரு, ஒரே கோயில், ஞாயித்துக்கிழமை ஒரே பூசை. பூசை நடுவுல ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக்கிற எடம் ஒண்ணு வரும், பக்கத்துல இருக்கிறவங்களைப் பாத்துக் கையைக் கூப்பணும். நான் தூணைப் பாத்துக் கூப்புவேன். அவன் ஃபேனைப் பாத்துக் கூப்புவான். அவன் வீட்டம்மா மோனிக்கா இறந்தப்ப போனேன். கல்லறை வரைக்கும் போனேன், பின்னாடி நின்னேன், வந்துட்டேன். அவன்கிட்டப் போய் ஒரு வார்த்தை பேசலை. அதுல எனக்குக் கொஞ்சம் மனசு கஷ்டம் உண்டு. சரி, அது வேற.

வெளி நிகழ்ச்சி எதுக்கும் அப்புறம் போகலை. ஆனா வாசிக்கறதை விடலை. வீராப்புக்காகவே தினம் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வாசிப்பேன். அவன் என்ன நெனச்சான், ஒரு திருகுல ஸ்தனியை அணைச்சுடலாம்னா?

போன வருசம் ஏப்ரல்ல ஒரு நாள் கஸ்பார் மக அனிட்டா வந்து நிக்குது இங்க. பெங்களூர்ல இருக்கு, கம்ப்யூட்டர் வேலை. நீங்க உக்காந்திருக்கிற இதே நாற்காலிலதான் உக்காந்துச்சு. அப்பாவைத் தன்கூடக் கூட்டிட்டுப் போகப் போறேன்னு சொல்லுச்சு. ஜூன் மாசம் கெளம்பறாங்க. ஒம்போதாவது மாடி ஃப்ளாட்டாம். ஆம்ப்பைக் கொண்டு போக முடியாது, கொண்டு போனாலும் அங்க வாசிக்க விட மாட்டாங்க. அப்பா ஆம்ப்பை விட்டுட்டு வர மாட்டேன்னு அடம் புடிக்கிறார். நீங்க என்னவோ ஆம்ப்பை நகல் எடுக்கறீங்களாமே மாமா, அப்பாவுதை எடுத்துக் குடுங்கன்னு கேட்டுச்சு.

நான் கேட்டேன், இதை உங்கப்பா கேக்கச் சொன்னாரான்னு.

அது சொல்லுச்சு, "அப்பாவுக்குத் தெரியும் மாமா. ஆனா அவர் கேக்க மாட்டார். நீங்க முடியாதுன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு அவருக்குப் பயம்."

ஆம்புக்காக ஒத்துக்கிட்டேன். நல்லாப் புரிஞ்சுக்கங்க, கஸ்பாருக்காக இல்ல. அந்த மாதிரி ஒரு ஆம்ப் அளவெடுக்காமப் போறது பாவம். ரெஜினாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். அவ சரி சரின்னு சொல்லிட்டு முன் ரூமைக் கழுவி விட ஆரம்பிச்சா. ஆம்ப் வர்றதுக்கு எதுக்கு ரூமைக் கழுவணும்?

மே மாசம் மொத வாரம் குட்டியானை வண்டில ஆம்ப் வந்து எறங்குச்சு. கூடவே கஸ்பாரும் எறங்கினான். ஆம்ப்பைத் தனியா விட மாட்டானாம். ஆளு இளைச்சிருந்தான், முட்டி வலி வேற. உள்ள வந்தான், ரெஜினாவைப் பாத்து, எங்க வெக்கலாம்னு கேட்டான். நான் ரெஜினாவைப் பாத்து, அங்க வெக்கச் சொல்லுன்னு சொன்னேன். பாவம் அவ, ஒரு மணி நேரம் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி நின்னா.

அளவெடுக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. மைக்குக்கு எல்லாமே கேக்கும். ஃபேனை நிறுத்தணும். திருச்சி மே மாசத்துல ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்திப் பாருங்க, புரியும். ஃப்ரிட்ஜை நிறுத்தணும். குக்கர் வெக்கக் கூடாது. கீரைக்கார அம்மா போயிட்டாங்களான்னு பாக்கணும். ஒர்க்ஷாப் சங்கு எத்தனை மணிக்கு ஊதுதோ அந்த நேரத்தை விட்டுப் பண்ணணும். அன்னைக்கு எல்லாம் அடங்கினதும் நான் மைக்கை ஸ்பீக்கருக்கு நட்ட நடுவுல வெச்சேன். ஆம்ப்ல ட்ரெபிளை, அதான் கீச்சுச் சத்தத்துக்கான திருகை, நல்லா ஏத்தி வெச்சேன், அப்பத்தான் தெளிவா இருக்கும். கஸ்பார் அதைப் பாத்துக்கிட்டே இருந்தான். அளவெடுத்தாச்சு. கிட்டாரைச் செருகி, மொதல்ல ஆம்ப்ல வாசிச்சேன், அப்புறம் பெட்டில வாசிச்சேன். அச்சு அசல். துளி வித்தியாசம் இல்ல. ரெஜினாகிட்ட, எப்படி இருக்குன்னு கேளுன்னு சொன்னேன்.

கஸ்பார் ரெஜினாகிட்ட, இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுன்னான்.

சரின்னு ரெண்டாவது தடவை ஆரம்பிச்சேன். பாதில கரண்ட் போயிடுச்சு. இன்வெர்ட்டர் இருக்குறதால பெட்டியும் ஆம்ப்பும் நிக்கலை, ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. நான் அசையாம நிக்கிறேன், மைக் கேட்டுக்கிட்டு இருக்குல்ல. ஆனா கஸ்பார் கையைத் தூக்கி நிறுத்துன்னு சைகை காட்டறான். ரெஜினா உள்ள இருந்து ஓடி வந்து இன்வெர்ட்டர்ல என்னவோ பட்டனை அமுக்கறா. எனக்குக் கோவம் வந்துடுச்சு. எதுக்கு இப்படிக் குறுக்க குறுக்க ஓடறேன்னு கேட்டேன்.

கஸ்பார்தான் பேசினான். பதினஞ்சு வருசத்துக்கு அப்புறம் நேரா என் மூஞ்சியைப் பாத்துப் பேசின மொத வார்த்தை அது.

"ஸ்தனி, அந்த இன்வெர்ட்டர் கீகீன்னு கத்துச்சே, உனக்குக் கேக்கலையா?"

ஒண்ணும் கத்தலைன்னு சொன்னேன். அவன் ரெஜினாவைப் பாத்தான். அவ சேலைத் தலைப்பை எடுத்து மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டா. ஆம்ப் போட்டா இன்வெர்ட்டர் தாங்காமக் கத்தும்னும், ரெண்டு வருசமா ஒவ்வொரு தடவையும் அவதான் ஓடி வந்து அதை அணைக்கறாள்னும் அப்பத்தான் சொன்னா. நானும் பாத்திருக்கேன், கரண்ட் போனா இவ எதுக்கு இப்படி ஓடறான்னு. பயந்தவன்னு நெனச்சிருக்கேன்.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, ரெண்டு பேரும் சேந்து என்னை வெச்சு வெளையாடறாங்கன்னு. மைக்கைக் கழட்டிப் போட்டுட்டு மேல போயிட்டேன். மேல் போர்ஷன் காலியாத்தான் இருந்துச்சு, மேனேஜர் போய் ஒரு மாசம் ஆயிருந்துச்சு. முன் ரூம்ல வெறுந்தரைல உக்காந்தேன். நல்ல காத்து வரும் அந்த ரூம்ல, பாத்தீங்கன்னா உங்களுக்கே புடிக்கும்.

கொஞ்ச நேரத்துல மாடிப்படில டொக்கு டொக்குன்னு. கஸ்பார் ஏறி வர்றான். அந்த முட்டியை வெச்சுக்கிட்டு இருவத்தி ரெண்டு படி. வந்து எதுக்க சுவத்துல சாஞ்சு உக்காந்தான், மூச்சு வாங்கறான். நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

மணப்பாறைல நடந்ததை அப்பத்தான் சொன்னான். பொண்ணோட அப்பா வந்து, அந்த ஆளை மேடையை விட்டு எறக்கறீங்களா, இல்ல நான் கரண்ட்டைப் புடுங்கவான்னு கேட்டாராம். குழந்தைங்கல்லாம் காதைப் பொத்திக்கிட்டு அழுவுதாம். அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே இவன் கவனிச்சிருக்கான். ட்ரெபிளை ஏத்திக்கிட்டே போறேனாம், பின்னாடி இருந்து கூப்பிட்டா திரும்பறது இல்லையாம். ட்ரம்ஸ்காரனோட தாளத் தட்டு இருவது வருசமா என் எடது காதுக்குப் பக்கத்துலதான். அதை எங்கிட்டச் சொல்லலாம்னு ரெண்டு மூணு தடவை வீடு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கான்.

"ஏன்டா சொல்லலை?"

"சொன்னா நீ கிட்டாரைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவ. எனக்கு உன்னைத் தெரியாதா? என்மேல கோவமா இருந்தா, கோவத்துலயாவது வாசிப்பன்னு நெனச்சேன்."

பாருங்க தம்பி, எவ்வளவு திமிரு. இன்னொருத்தன் வாழ்க்கையை இவன் என்ன தீர்மானிக்கறது? நல்லாத் திட்டினேன். அரை மணி நேரம் திட்டினேன். அவன் தலையை ஆட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தான். மோனிக்கா இறந்தப்ப வராததுக்கு, அதாவது வந்து பேசாததுக்கு, என்னை ஏன் ஒரு வார்த்தை கேக்கலைன்னு அதுக்கும் திட்டினேன். நீ அந்தப் பெரிய வேப்ப மரத்தடில நின்ன, நீலச் சட்டை போட்டிருந்த, பாத்தேன்னு சொன்னான். அதுக்கப்புறம் எனக்குத் திட்ட ஒண்ணும் இல்லை. கண்ல தூசி வேற விழுந்துடுச்சு. காலியா கெடந்த ரூம் பாருங்க.

மறுநாள் காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க, ரெண்டு பேரும் ரெண்டு பக்கம், திருடனைக் கூட்டிட்டுப் போற மாதிரி. கண்ணாடி ரூம்ல உக்கார வெச்சு, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்கன்னாங்க. ரொம்ப நேரம் ஒண்ணுமே வரலை. மெஷின் ரிப்பேர்னு நெனச்சேன். வெளிய வந்தப்ப டாக்டரம்மா ஒரு கோடு போட்டுக் காட்டினாங்க. காகிதத்துல எடது பக்கம் நேராப் போற கோடு, வலது பக்கம் போகப் போக மலைல இருந்து உருண்டு விழுந்த மாதிரி கீழ போயிடுச்சு. மெல்லிசான சத்தம், கீச்சுன்னு இருக்கிற சத்தம் எல்லாம் அந்தப் பக்கமாம். எனக்கு அந்தப் பக்கம் கதவே சாத்தியிருக்கு. பல வருசம் ஆகியிருக்கும்னாங்க. டாக்டருங்க அப்படித்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவாங்க.

ரெண்டு காதுலயும் மெஷின் வெச்சாங்க. இதோ, பாருங்க, வெளிய தெரியாது. மொத நாள் வீட்டுக்கு வந்தப்ப என்ன தம்பி அநியாயம், ப்ளாஸ்டிக் கவரு இவ்வளவு சத்தம் போடும்னு எனக்கு யாரும் சொன்னதே இல்லை. ரெஜினா செருப்பு தேய்க்குது. ஃபேன் ஒரு சுத்துக்கு ஒரு தடவை முனகுது. அவ வளையல் சத்தம். அதைக் கேட்டுட்டு அப்படியே உக்காந்திருந்தேன். என்னன்னு கேட்டா. ஒண்ணும் இல்லைன்னேன்.

அப்புறம் என் ப்ரொஃபைல் நாப்பத்தி ரெண்டையும் ஒவ்வொண்ணாப் போட்டுக் கேட்டேன். நாலாவதோட நிறுத்திட்டேன். ஊசிதான் தம்பி. ஆணிதான். எல்லாத்தையும் இன்டர்நெட்ல இருந்து எடுத்துட்டேன். அந்தச் சிலிக்காரருக்கு ஒரு மன்னிப்பு எழுதினேன், அனிட்டாதான் இங்கிலீஷ் பாத்துத் திருத்திக் குடுத்துச்சு. அவர் ரொம்ப மரியாதையாப் பதில் போட்டார். அடுத்த தெருவுல மேனேஜரையும் பாத்து ஒரு வார்த்தை சொல்லலாம்னு போனேன். அவர் வீட்ல லைட் எரிஞ்சுது, ஆனா ஆள் இல்லையாம்.

இப்ப கஸ்பாரோட ஆம்ப்பை மொதல்ல இருந்து எடுக்கணும்ல. மே கடைசில ஆரம்பிச்சோம். காது மெஷின் போட்டாலும் இந்த வேலைக்கு அது முழுசாப் பத்தாது, பேச்சுக்குன்னு செஞ்சது அது. அதனால கஸ்பார்தான் எனக்குக் காது. அவன் ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு நாற்காலில உக்காருவான். நான் ஆம்ப் முன்னாடி மண்டி போட்டு மைக்கை நகத்துவேன். நடுவுல இருந்து ஓரத்துக்கு, நூல் அளவு, நூல் அளவு. அவன் வெரலைத் தூக்கினா நிறுத்தணும். ட்ரெபிளுக்கும் அதேதான். அவன் வெரலைக் கீழ காட்டக் காட்ட எறக்கிக்கிட்டே வந்தேன், எங்கயோ நாலுகிட்ட வந்து நின்னுச்சு. அளவெடுத்துட்டு ரெண்டையும் மாத்தி மாத்திக் கேப்பான். இல்ல ஸ்தனி, நாளைக்குப் பாப்போம்பான்.

ஒரு நாள் ஆகற வேலை. ஒம்போது நாள் ஆச்சு. காலைல ஒம்போது மணிக்கு வந்துடுவான், மத்தியானம் சாப்பாடு இங்கதான், சாயங்காலம் போவான். ஒரு நாள் அடி சத்தம் கம்மிங்கறான், ஒரு நாள் நடுவுல வீங்கியிருக்குங்கறான். ரெஜினா எங்கிட்ட ரகசியமாச் சொன்னா, அவர் வேணும்னேதான் இழுக்கறார்னு. இருக்கலாம். எனக்கு என்ன தெரியும்? அஞ்சாவது நாளே சரியா வந்துடுச்சுன்னு எனக்குத் தோணுச்சு. ஆனா நான் சொல்லலை. காது கேக்காதவன் நான் எப்படிச் சொல்றது? அவனே கேட்டான், ஏழாவது நாள், உனக்கு எப்படிடா இருக்குன்னு. எனக்கும் ஏதோ கொறையற மாதிரிதான் இருக்குன்னு சொன்னேன்.

ஒம்போதாவது நாள் அனிட்டா ஃபோன் பண்ணிடுச்சு, வண்டி சொல்லியாச்சு, ஞாயித்துக்கிழமை கெளம்பணும்னு. அன்னைக்கு எடுத்ததை அவன் கேட்டான். ரொம்ப நேரம் கேட்டான். ஹெட்ஃபோனைக் கழட்டி என் தலைல மாட்டி விட்டு, அவனே வாசிச்சான். நல்லா இருந்துச்சு தம்பி. நெய்யில வறுத்த மாதிரி. பெட்டியை அவனுக்கே குடுத்துட்டேன். ஆம்ப்பை எங்கிட்டயே விட்டுட்டுப் போனான். அந்த ஞாயித்துக்கிழமை காலைப் பூசைல சமாதானம் சொல்ற எடம் வந்தப்ப ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக் கையைக் கூப்பினோம். முன் வரிசைல இருந்தவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. சாமியார்கூட ஒரு நொடி நிறுத்தினார்.

அவ்வளவுதான். அவன் பெங்களூர் போயிட்டான். பிரச்சினை முடிஞ்சுதுன்னுதான நீங்க நெனைப்பீங்க? நானும் அப்படித்தான் நெனச்சேன். போன நாலாவது நாள் ஃபோன் வருது. பெட்டில வர்ற சத்தம் ஆம்ப் மாதிரி இல்லையாம். அங்க வெச்சுக் கேட்டா வேற மாதிரி இருக்காம். நேர்ல ஆம்ப்போட வெச்சு ஒத்துப் பாக்கணுமாம். ஜூலைல வந்தான். ஒரு வாரம் இருந்து ஒத்துப் பாத்தோம். சரியாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் ஒரு தடவை எடுத்தோம். ஆகஸ்ட்ல அங்க மழை, ஈரத்துல சத்தம் மாறிடுச்சுன்னு வந்தான். செப்டம்பர்ல என்ன காரணம் சொன்னான்னு எனக்கே மறந்துடுச்சு. இப்ப மாசா மாசம் வந்துடறான். மொத வாரம் வந்தான்னா மூணாவது வாரம் வரைக்கும் இருப்பான். அனிட்டா ஃபோன் பண்ணி, மாமா, அப்பா எங்க வீட்டுக்குத்தான் விருந்தாளியா வர்ற மாதிரி இருக்குன்னு சிரிக்குது. எனக்கு இது தொந்தரவா இல்லையா? நீங்களே சொல்லுங்க. மனுசன் ரிட்டையர் ஆகி நிம்மதியா இருக்கலாம்னா முடியுதா? அவன் வர்றதுக்கு முந்தின நாள் மீன் வாங்க ஆறு மணிக்கே எழுந்திரிச்சுப் போக வேண்டியிருக்கு. வேற யாரு போவா?

சரி, உங்க விஷயத்துக்கு வருவோம். மேல மொத்தம் ரெண்டு ரூம், ஒரு ஹால், சமையக்கட்டு. ஹால்ல ஆம்ப் இருக்கும். கீழ எடம் பத்தலை, அதான். அது பாட்டுக்கு ஓரமா இருக்கும், குழந்தை மட்டும் கிட்டப் போகாமப் பாத்துக்கங்க, வால்வு சுடும். முன் ரூம்ல கஸ்பாரோட கட்டில் கெடக்கு, அவனுக்குக் காத்து வேணும். பின் ரூம்ல மைக், வயர், அட்டைப் பெட்டி எல்லாம் போட்டு வெச்சிருக்கேன், அது பூட்டியிருக்கும். சமையக்கட்டு முழுக்க முழுக்க உங்களுக்குத்தான், அதுல யாரும் தலையிட மாட்டோம். மொட்டை மாடி வேற இருக்கு.

ஏன் தம்பி, எந்திரிச்சுட்டீங்க? காப்பி வந்துடுச்சு, இதோ. ரெஜினா, இவரும் கெளம்பறேங்கறாரு பாரு. என்ன சிரிக்கற?

பாக்காமப் போறேன்னா எப்படி? இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, ஒரு எட்டு மேல வந்து பாத்துட்டுப் போங்க. வாங்க, நான் காட்டறேன். படில மட்டும் கொஞ்சம் மெதுவா ஏறுங்க, செருப்புச் சத்தம் கேக்க வேணாம். காலைல ட்ரெயின்லதான் வந்து எறங்கினான், இப்பத்தான் கண் அசந்திருக்கான்.